கல்லாகாமல் திரும்பியவர்கள்

ஆடி

காலை ஐந்தரைக்கு நான் நடக்கக் கிளம்பும்போது எங்கள் குடியிருப்பின் வாசலில் முதல் வேலை முடிந்திருக்கும். ராத்திரிக் காற்றில் உதிர்ந்த இலைகள் ஓரமாகக் குவிந்திருக்கும். பதிவேடு மேசை விளிம்புக்கு இணையாக நேராக வைக்கப்பட்டிருக்கும், அதன் மேல் பேனா. காவலர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு நிற்பார். இலை பெருக்குவது அவர் வேலை இல்லை. பெருக்க வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். "நிக்கிற இடம் சுத்தமா இருக்கணும் சார்" என்றார்.

மூன்று வருடமாக அவரை "வாட்ச்மேன்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜூலை 26ஆம் தேதி, கார்கில் வெற்றி நாளன்று, அவர் சட்டைப்பையில் ஒரு சிறிய பதக்க நாடாவைக் குத்தியிருந்தார். அன்றுதான் கேட்டேன். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. பெங்களூரில் பயிற்சி. 24 ஆண்டு சர்வீஸ். 43 வயதில் பென்ஷன் வந்தவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். மகனைச் சென்னையில் கல்லூரியில் சேர்த்ததால் இந்த வேலைக்கு வந்தார்.

மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு மறுநாள் "ஹவில்தார் சாப்" என்றேன். மெல்லத் திருத்தினார். "சாப்னு சுபேதாரைத்தான் சொல்லணும் சார். நான் ஹவில்தார். அது போதும்."

இன்னொன்றும் சொன்னார். சேப்பர்களைப் படையில் எல்லோரும் "தம்பி" என்றுதான் சொல்வார்களாம். பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரிக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியுமாம். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. அங்கே தமிழே தெரியாத வாய்களில் ஒரு தமிழ் உறவுச்சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் பேசுகிற ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்தச் சொல் அவருக்கு நின்றுபோயிருக்கிறது. அன்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி

மனைவியின் மருத்துவ அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், கைப்பேசியில் விண்ணப்பம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதன் அட்டை இருந்தால்தான் பாலிகிளினிக்கில் பார்ப்பார்கள், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தார். ஓரங்கள் தேய்ந்திருந்தாலும் ஒரு தாளும் மடங்கவில்லை. மனைவி என்ற இடத்தில் இருந்த பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் வேறு வேறு.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "லீவுல கல்யாணம் சார். யூனிட்டுக்குத் திரும்பினதும் பேர் எழுதணும்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். வீட்ல அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்."

செல்லப் பெயர் அரசாங்கப் புத்தகத்தில் ஏறி முப்பது வருடம் ஆகப்போகிறது. கணவர் உயிரோடு இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. அவருக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் கேட்டு அந்த அம்மா போய் நிற்கும்போது, புத்தகத்தில் இருக்கும் பெண் தான்தான் என்று ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க வேண்டியிருக்கும். துக்கம் ஆறாத நாட்களில், தனியாக, வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து.

திருமணச் சான்று, ஆதார், பிரமாண வாக்குமூலம், புகைப்படம் எல்லாம் சேர்த்தோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அவருடைய ஆவண அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிவு திருத்தப்பட்ட பிறகுதான் திருத்திய பென்ஷன் ஆணை வரும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பிரதி எடுத்தார். எடுத்த பிரதிகளை மேசை விளிம்புக்கு இணையாக வைத்தார்.

புரட்டாசி

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடுகற்களின் முன்னால் ஒரு மத்தியானம் கழிந்தது. கையில் வில், இடையில் குத்துவாள், உடம்பில் தைத்த அம்புகள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்கள்.

செத்த வீரனுக்குக் கல் நடுவதை ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்கிறது தொல்காப்பியம். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. அவசரம் எதுவும் இல்லை. ஊரே கூடி ஒரு மனிதனுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறது. கல்லில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் செய்த காரியம் எல்லாம் பொறித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர்களைக் கடித்த அவன் நாயின் பெயரும் அதில் இருக்கிறது: கோவிவன். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

செத்தவனின் குடும்பத்தையும் மறக்கவில்லை. போரில் உயிர்விட்டவனின் வாரிசுகளுக்கு ஊரார் நிலம் ஒதுக்கினார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். இன்றைய குடும்பப் பென்ஷனுக்குப் பாட்டன் அது.

உயிரோடு திரும்பியவனுக்கு என்ன செய்தோம் என்று அங்கே நின்று யோசித்தேன். மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று கொண்டாட நமக்குச் சொல் இருக்கிறது. திருக்குறளில் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் புண் ஆறி, வயதாகி, வேலை தேடி ஊருக்கு வந்தவனை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு ஆறு படிகள் யாரும் எழுதி வைக்கவில்லை. திரையில் அவர் முறுக்கு மீசை வைத்துக்கொண்டு கதை அளக்கிற வேடிக்கை மனிதராகத்தான் பெரும்பாலும் வந்துபோகிறார். அவர் கதையைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறவர் அந்தக் காட்சிகளில் யாரும் இல்லை.

ஆயுத பூஜையன்று பதிவேட்டுக்கும் டார்ச்சுக்கும் விசிலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். பொரி கொடுத்தார். யூனிட்டில் துப்பாக்கி முதல் புல்டோசர் வரை வரிசையாக நிறுத்திப் பொட்டு வைப்பார்களாம்.

அன்றைக்குத்தான் நான் வெகுநாளாகக் கவனித்த ஒன்றைக் கேட்டேன். அவர் சிமெண்ட் பாதையில் மட்டும்தான் நடப்பார். தோட்டத்துப் புல்லில் கால் வைக்கவே மாட்டார். பிள்ளைகளின் பந்து புல்லுக்குள் போனால் ஓரத்திலேயே நின்று, வளைந்து, குச்சியால் இழுத்து எடுப்பார்.

"பராக்ரம்ல இருந்தேன் சார்" என்றார்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்த பிறகு, பராக்ரம் என்ற நடவடிக்கையாகப் படைகள் மேற்கு எல்லைக்கு நகர்ந்தன. ஏறக்குறைய பத்து மாதம் அங்கேயே நின்றன. எல்லையோர வயல்களில் மைல் கணக்கில் கண்ணிவெடி புதைத்தார்கள். புதைத்தவர்கள் சேப்பர்கள். 2002 அக்டோபரில் திரும்ப முடிவானதும் அவற்றைத் தோண்டி எடுத்தவர்களும் அவர்களே. போர் நடக்கவில்லை. ஆனால் புதைக்கும்போதும் எடுக்கும்போதும் பலர் செத்தார்கள், பலருக்குக் கால் போயிற்று. நடக்காத போருக்கு வெற்றி நாள் கிடையாது. அவருடைய செக்ஷனில் ஒருவர், இவரைவிட இரண்டு வயது இளையவர், கோதுமை வயலில் போனார். அவர் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டைச் சொன்னார். பிறகு பொரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நானும் பேசவில்லை. அந்த மௌனத்தில் உட்கார்ந்திருந்ததைத் தவிர இந்த வருடம் நான் செய்த பெரிய காரியம் எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி

அடைமழை. தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மேலேயே பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இருக்கிறது. எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். ரெக்சின் பையை மழைக்கு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இறங்குகிறார். கூட வந்த அம்மா புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துடைக்கிறார்.

நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கு ஒருமுறை சொல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இப்போது கைப்பேசிக் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். ஆனால் கண்புரை விழுந்தவர்களுக்கும் கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் அந்தக் கைப்பேசியைப் பிடித்துக் காட்ட இன்னொரு கை வேண்டும். எங்கள் குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தக் கையாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசல் மேசையில் உட்கார்ந்து, பக்கத்துக் குடியிருப்புகளின் காவலர்கள், ஏ.டி.எம். காவலர்கள் என்று ஏழு பேருக்குச் சான்று பதிவு செய்தார்கள். ஏழு பேரும் முன்னாள் படைவீரர்கள். எங்கள் நடை தூரத்துக்குள் ஏழு பேர்.

ஒரே பதவியில் ஒரே காலம் பணி செய்தவர்களுக்கு, எந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் என்ற கோரிக்கை பல பத்தாண்டு காலப் போராட்டத்துக்குப் பிறகு 2015இல் ஏற்கப்பட்டது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். தில்லி ஜந்தர் மந்தரில் வயதானவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் நினைவிருக்கிறது. உரிமை என்று தெரிந்த ஒன்றுக்காக அந்த வயதில் தெருவில் உட்கார வைத்திருக்கக் கூடாது.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கே ஆண்டு. அதிகபட்சம் நான்கில் ஒருவர் படையில் தொடரலாம். மற்றவர்கள் ஒரு தொகுப்புத் தொகையோடு, பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். நாற்பது வயதில் திரும்பியவர்களையே இன்னும் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாத நாம், இருபதுகளிலேயே திரும்பும் பிள்ளைகளை எதிர்கொள்ளப் போகிறோம்.

கார்த்திகை

எங்கள் குடியிருப்பு இருக்கும் நந்தனத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சைதாப்பேட்டை ஸ்ரீநகர் காலனி. அங்கே மேற்கு மாட வீதியில் மேஜர் பரமேஸ்வரன் நினைவுக் கட்டடம். டெக்ஸ்கோ என்று எல்லோரும் சொல்கிற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் அதில் இயங்குகிறது. 1986இல் தொடங்கிய நிறுவனம். பென்ஷன் வந்தவர்களைக் காவல் பணிக்கும் ஓட்டுநர் பணிக்கும் அனுப்புகிறது. எங்கள் ஹவில்தாரின் முதல் வேலையும் அந்த வாசல் வழியாகத்தான் கிடைத்தது.

ராமசாமி பரமேஸ்வரன் 1946இல் பம்பாயில் பிறந்தவர். பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து 1972இல் மகார் ரெஜிமெண்டுக்குப் போனார். 1987 நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணத்தில், மார்பில் குண்டு பட்ட நிலையில், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார். விழும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. அந்தப் போர் தமிழர் மனத்தில் ஆறாத புண். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் மருத்துவமனையிலும் செத்த சாதாரண மக்களை மறந்துவிட்டு இந்தப் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் கப்பலில் இருந்து இறங்கிய சிப்பாய்க்கும் ஒரு மனம் இருந்தது. அனுப்பியது அவன் முடிவில்லை. செத்த நண்பனை யாழ்ப்பாணத்திலோ காட்டிலோ விட்டு வந்தவன் யாரிடம் போய் அழுதிருப்பான்? யாழ்ப்பாணத்துத் தாய்க்காகவும் அந்தச் சிப்பாய்க்காகவும் ஒரே மனம் வருந்தலாம் என்று நான் நம்புகிறேன். போரைப் பற்றிய கேள்வியை அதற்கு உத்தரவிட்டவர்களிடம் கேட்க வேண்டும். காயத்தைச் சுமப்பவனிடம் கேட்க வேண்டியது, வலிக்கிறதா என்பதுதான்.

ஒரு ஞாயிறு காலை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஹவில்தாரும் நானும் போனோம். 1952இல் அமைத்த இடம். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல கல்லறைத் தோட்டங்களில் கவனிப்பாரற்றுப் போகக்கூடிய நிலையில் இருந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 856 பேர். அதிகாரிக்குப் பெரிது, சிப்பாய்க்குச் சிறிது என்ற பேதம் இந்தக் கல்லறைகளில் கிடையாது. அவர் பாதையிலேயே நின்று, வரிசை வரிசையாகப் பார்த்தார். புல் வெட்டப்பட்டிருந்த ஒழுங்கைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லா வெச்சிருக்காங்க" என்றார்.

திரும்பும்போது நினைத்தேன். சாவுக்குப் பிறகு இவ்வளவு சமம் சாத்தியம் என்றால், உயிரோடு இருக்கும்போது ஒரு நாற்காலியாவது சாத்தியம்தானே. எங்கள் வாசலில் இருந்தது கால் உடைந்து கயிறு கட்டிய நாற்காலி. சங்கக் கூட்டத்தில் சொன்னேன். புது நாற்காலியும், குடிக்கத் தண்ணீரும், ராத்திரிக்கு ஒரு மின்விசிறியும் வந்தன.

டிசம்பர் 7 கொடி நாள். 1949இலிருந்து நடக்கிறது. பள்ளியில் படிக்கும்போது சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று நிறம் கொண்ட காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு சாயந்தரம் தொலைத்துவிடுவோம். அந்தச் சில்லறை போரில் கணவனை இழந்தவர்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் போய்ச் சேர்கிறது என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். காதில் விழவில்லை. இந்த முறை கொடியைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மார்கழி

பனியில் கோலம். நந்தனம் தேவர் சிலையைக் கடக்கும்போது சுபாஷ் சந்திர போஸின் நினைவு வருகிறது. முத்துராமலிங்கத் தேவர் அவருடைய ஃபார்வர்டு பிளாக் கட்சியைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தவர். 1939 செப்டம்பர் 3ஆம் நாள் போஸ் மெரினாவில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இங்கிலாந்து போருக்குள் இறங்கிய செய்தி தாங்கிய மாலைப் பத்திரிகையை ஒருவர் அவர் கையில் கொடுத்தார்.

நான்கு ஆண்டு கழித்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். போர் முடிந்தது, விடுதலையும் வந்தது. ஆனாலும் அந்த ராணுவத்தில் இருந்தவர்கள் சுதந்திர இந்தியாவின் படையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972இல்தான் மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் தொடங்கியது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தாமதமான மரியாதை பெரும்பாலும் விதவைகளின் கைக்கே வருகிறது.

இங்கிலாந்தில் 1682இல் வயதான சிப்பாய்களுக்காகத் தொடங்கிய செல்சியா மருத்துவ இல்லம் இன்றும் இருக்கிறது. புனே அருகே கட்கியில், முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் நடக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அங்கே ஓவியம் வரைகிறார்கள், விளையாடுகிறார்கள். இப்படிப்பட்ட இடங்கள் வேண்டும். இன்னும் நிறைய வேண்டும். ஆனால் பெரும்பாலான முன்னாள் வீரர்கள் இருப்பது இல்லங்களில் இல்லை, நம் வாசல்களில்.

தை

பொங்கலை ஒட்டி ஜனவரி 15இல் படை நாள் வருகிறது. 1949இல் அன்றுதான் கரியப்பா, பிரிட்டிஷ் தளபதியிடமிருந்து பொறுப்பை ஏற்றார். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. அண்ணா சாலை நெரிகிறது.

காணும் பொங்கலுக்கு மறுநாள் ஹவில்தார் ஊரிலிருந்து வந்தார். கையில் கரும்பும் ஓர் உறையும். திருத்திய பென்ஷன் ஆணை. மனைவி என்ற இடத்தில் அந்த அம்மாவின் முழுப்பெயர் இருந்தது. ஊரில் அதை மனைவியையே படித்துக் காட்டச் சொன்னாராம். அந்த அம்மா மெதுவாக, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாராம். "என் பேரு இதுலயும் ஏறிடுச்சா" என்று கேட்டாராம்.

"இப்ப நிம்மதி சார்" என்றார் ஹவில்தார். "நிம்மதி தம்பி" என்றேன். அவர் என்னைவிட மூன்று வயது இளையவர் என்பதால் அந்தச் சொல் எளிதாக வந்தது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து நேராக வைத்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் எங்கள் குடியிருப்பில் இப்போது எல்லோருக்கும் தெரியும், குழந்தைகள் உட்பட.

கல் நடுவதற்கு ஆறு படிகள் இருந்தன. திரும்பி வந்தவருக்கு மூன்று போதும் என்று நினைக்கிறேன். நாளைக் காலை உங்கள் வாசலைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். பிறகு, வீட்டம்மா பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த வாரமே அவரோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.